பக்கவாசலில் ஒரு கால்

என் தங்கையைக் கட்டியவனே, கோபக்காரனே, என் அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

இல்லைய்யா, உன் கோயில் பக்கவாசல் உத்தியோகத்தை நான் கெடுக்கவில்லை. கல்லறையில் படுத்துக்கொண்டே முறைக்காதே. முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டு.

பூசையில் நற்கருணை அப்பம் வாங்கியதும் நைசாக வெளியே நழுவுகிற கூட்டத்துக்கு நான்தான் தலைவன். உள்ளே சாமியார் அறிவிப்பெல்லாம் வாசித்து, கடைசி ஆசீர் கொடுத்துப் பூசையை முடிப்பதற்குள் எதிர்க்கடையில் பாதி டீ குடித்திருப்பேன். நீ பக்கவாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்பாய்.

"ஆசீர் வாங்காம எங்க போற மச்சான்? விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரன்ட்ட சொல்லாமயா எந்திரிச்சுப் போவான்?"

"பஸ்ஸு போயிரும் மாப்ள."

கோயிலுக்குப் பின்தெருவில் வீடு வைத்திருக்கிறவனுக்கு எந்த பஸ் என்று ஒருநாளாவது கேட்டாயா?

நீ போன பிறகு அந்த வாசலுக்கு ஆள் தேடினார்கள். புதுச் சாமியார் என்னைக் கைகாட்டினார். "நழுவுற வழியெல்லாம் தெரிஞ்சவரு இவர்தான்" என்றாராம். நீ நின்ற இடத்தில் கையை விரித்து நின்று பார்த்தேன். தோள் இழுக்கிறது. உனக்கு வலிக்கவே இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரெஜினா வருகிறாள்.

எந்த ரெஜினா என்று கேட்காதே. உன் மகள்தான். செம்பட்டி முருகேசனைக் கட்டிக்கொண்டாள் என்று, வீட்டுப் படி ஏறக்கூடாது என்றாயே, அவள். நீ இருந்தவரை இந்தக் கோயில் பக்கமே வரவில்லை. இப்போது ஞாயிறு பூசைக்கு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருகிறாள். நற்கருணைக்கு எழுந்து போவதில்லை. கோயிலில் தாலி கட்டாதவளுக்கு அது கிடையாதென்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னிடம் வருவாள்.

"மாமா, செத்த வழி விடுங்க."

விட்டுவிடுவேன். பூசை முடியும்வரை இருந்தால் முற்றத்தில் பொம்பளைகள் சூழ்ந்துகொள்வார்கள். அப்பன் மூஞ்சியைக் கடைசியாகப் பார்த்தாயா என்று கேட்பார்கள். அவள் என்ன பதில் சொல்வாள்? நீயே சொல்.

போன ஞாயிறு வந்தது வினை. அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்த சாமியார் சட்டென்று நிறுத்தினார்.

"பக்கவாசல்ல யாரும்மா அது? செத்த திரும்புங்க பாப்போம்."

மைக்கில் சொன்னார். கோயில் முழுக்கக் கழுத்து திரும்பியது. அவள் திரும்பவில்லை. அந்த முகத்தை எல்லோரும் பார்த்துவிட்டால் அன்றோடு சரி. உன் வீட்டுக் கதவு ஒருமுறை மூடியது, இந்த ஆண்டவர் வீட்டுக் கதவும் மூடிவிடும். நீ அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்? வேண்டாம், சொல்லாதே.

அவளை மறைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நான்தேன் சாமி. சுகர்காரன். ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நிக்கிது, ஆசீர் வரைக்கும் தாங்காது. பாவம், இந்தப் பிள்ள கதவு தொறந்து விடுது."

கோயிலே சிரித்தது. சாமியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "போங்க பெரியவரே, போங்க." இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம். கோயிலுக்குள் பொய் சொன்னாயே என்கிறாயா? சுகர் இருப்பது நிஜம்தானே. மிச்சத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

வெளியே அவள் சிரிக்கவில்லை. "இனிமே நான் வரல மாமா" என்றாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்துவிட்டாள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேலி பேசிக் காப்பாற்றினேனா, கேலி பேசியே துரத்திவிட்டேனா?

இன்றைக்கு வந்தாள். கொஞ்சம் தாமதமாக, அதே கடைசி வரிசை. நேரம் வந்ததும் எழுந்து வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தாள், ஒரு காலை வெளியே வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

அறிவிப்பு போய்க்கொண்டே இருந்தது. யாருக்கு யாரோடு கல்யாணம் என்கிற ஓலை, மறைக்கல்வி வகுப்பு, இன்னும் என்னென்னவோ. சாமியார் எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"போம்மா, மறுபடியும் கூப்ட்றப் போறாரு."

"இருங்க மாமா."

சாமியார் அறிவிப்புத் தாளை மடித்துவைத்தார். ஆசீருக்குக் கையை உயர்த்தினார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, உன் மகள் சிலுவை போட்டுக்கொண்டாள். சட்டம் பேசுகிறவன் நீ, அது கணக்கில் சேருமா சேராதா?

படி இறங்கும்போது கேட்டாள். "கல்லறைத் திருநாளுக்கு நான் வரலாமா மாமா? அவரும் வாரேங்கிறாரு. தோட்டத்துல சம்பங்கி பூத்துக் கெடக்கு."

வாங்க என்று சொல்லிவிட்டேன். உன் மருமகனும் வருகிறான் மாப்பிள்ளை.

பார்த்தாயா, எழுந்துவிட்டாய். டீக்கடையிலும் இப்படித்தான். அவள் பேரை எடுத்ததும் துண்டை உதறிக்கொண்டு கிளம்புவாய், கிளாசில் டீ அப்படியே இருக்கும். ஊரையே ஆசீர்வரைக்கும் பிடித்து வைத்தவன், நான் பேசி முடிக்கிறவரைக்கும் ஒருநாள் உட்கார்ந்ததில்லை. போ. அன்றைக்கு உன் தலைமாட்டில் நான் கையை விரித்து நிற்பேன், அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி முடிக்கிறவரை உன்னை விடமாட்டேன். இது சத்தியம்.

நில்லு மாப்ள, அவ உன்னப் பத்தி இன்னொண்ணும் கேட்டா, அதுக்கு நான் என்ன சொன்னேன்னா... பாத்தியா, பாதியிலயே போயிட்ட, மிச்சத்தக் கல்லறைத் திருநாளுக்கு வந்து சொல்றேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
வாசல்கார மச்சான்.