சென்சாருக்கு வைத்த சந்தனம்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

பெரிய பேரன் பூச்சோங்கில் டாக்டர். சின்னவன் செமினியில் வாத்தியார். பேத்தி கவிதா கிள்ளான் துறைமுகத்தில் எஞ்சினியர். கண்டெய்னர் கதவை யாராவது திறந்தால், உள்ளே வெளிச்சம் பட்டதும் போனில் மணியடிக்கிற சென்சார் அவள் செய்தது.

இன்றைக்கு முதலாளி முன்னால் சோதனை. தேறினால்தான் வேலை நிரந்தரம். கதவைத் திறந்தார்கள், மணியடிக்கவில்லை.

காலையில் நான்தான் அதற்குச் சந்தனம் வைத்து அனுப்பினேன். அவள் தாத்தா லோரியின் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் வைப்பார். காய்ந்த சந்தனம் வெடித்திருந்தால், “எவனோ தொறந்துட்டான்” என்பார். அந்த வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது.

“பாட்டி, அதோட கண்ணையே மூடிட்டீங்க லா,” என்று கவிதா போனில் சிரித்தாள். துடைத்ததும் அடித்ததாம், தேறிவிட்டாளாம். அதுவரைக்கும் பிள்ளை என்ன பாடுபட்டாளோ.

கண்டெய்னர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லணும். சந்தனம் அவள் நெற்றியில் இருக்கட்டும்.