ஏழாம் நம்பர் லைனுக்கு வண்டி நிற்குமிடம்

ஜூலை 14, திங்கள்

காலையில் தூறல். குன்னூரிலிருந்து 7.50 பஸ். சீட் நனைந்திருந்தது. ஜெர்கினை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இன்று கள ஆய்வு. பேரூராட்சி அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம், முதல் தடவையாக ஜீப்பில். கனமழை எச்சரிக்கை வந்தால் எந்தக் குடியிருப்புக்கு எந்த வண்டி, அது எங்கே நிற்க வேண்டும், ஆட்களை ஏற்றி எந்தப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதுகிறோம். ஓவர்சியர் சண்முகம் சார், டிரைவர் யூசுப் அண்ணன், நான். இடத்துக்கு ஒரு படிவம். புவியியல் படித்த பெண் என்பதால் வரைபடமும் என் தலையில்.

மூன்று இடம் முடிந்தது. மேல் ஹட்டி, பள்ளத்துக் காலனி, பழைய ரேஷன் கடைத் தெரு. நான்காவது ஏழாம் நம்பர் லைன், டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்களின் வரிசை வீடுகள்.

எங்கள் லைன்.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த அன்று “ஊடு எங்கம்மா?” என்று கேட்டார்கள். குன்னூர் என்றேன். தோழியோடு அறை எடுத்திருப்பது குன்னூரில்தான், பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானம். அம்மா லைனில். நான் போவது ஞாயிறு மட்டும்.

ஃபேக்டரி கேட்டில் ஜீப் நின்றது. சார் சுற்றிப் பார்த்தார். “பஸ்ஸு திருப்பறதுக்கு அருமையான எடமுங்க. இங்கியே போட்டுரலாம்.”

கேட்டுக்கும் லைனுக்கும் நடுவில் ஓடை. அதன் மேல் கைப்பிடி இல்லாத சிமென்ட் பலகை. நல்ல மழையில் பலகை மேலேயே முட்டளவு தண்ணீர் போகும். அப்போது யாரும் இந்தப் பக்கம் வர மாட்டார்கள். பின்பக்கமாக ஏறி மாரியம்மன் கோவில் வளைவுக்குப் போய்விடுவார்கள், அங்கே தார் ரோடு. லைனில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

படிவத்தில் கேள்வி 9: மழையில் நடந்து வர வழி உண்டா? ஆம் / இல்லை. ‘இல்லை’ என்றால் அங்கு குடியிருப்பவர் ஒருவரை விசாரித்துப் பெயரும் கையெழுத்தும் பெறவும்.

அந்த நேரம் பார்த்து எடை போட வந்துகொண்டிருந்தார்கள். தலையில் கொழுந்து மூட்டை. ஏழெட்டுப் பேர். மூன்றாவது ஆள் அம்மா.

“என்னம்மா, வழி இருக்குதுல்ல?” சார் படிவத்தைக் காட்டி என்னிடம் கேட்டார்.

“இருக்குதுங்க சார்” என்றேன்.

‘ஆம்’ என்பதில் டிக் போட்டேன். அவர்கள் பக்கத்தில் வருவதற்குள் ஜீப் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் மனதில்.

அம்மா பார்த்துவிட்டாள். மூட்டையை இறக்கி வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மறுபடி கட்டினாள். இரண்டு முடிச்சு போட அவ்வளவு நேரம் ஆகாது. ஜீப் திரும்பி ரோட்டில் ஏறும் வரை கட்டிக்கொண்டே இருந்தாள்.

“என்ன பாப்பா, குளுருதா? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு” என்றார் யூசுப் அண்ணன்.

“ஆமாண்ணே.”

ஜூலை 16, புதன்

நாள் முழுக்க மழை. குடைக் கம்பி ஒன்று போய்விட்டது. வாங்க வேண்டியவை: சோப்பு, பிஸ்கட், ரீசார்ஜ். குடை ரிப்பேர்.

திட்டம் டைப் செய்து முடிந்தது. பதினோரு பக்கம். செயல் அலுவலர், இ.ஓ. சார், புரட்டிப் பார்த்தார். “மேப்பு யாரு போட்டது? நீட்டா இருக்குதே.”

“நம்ம பொண்ணுதாங்க சார்” என்றார் சண்முகம் சார்.

சந்தோஷமாக இருந்தது. மதியம் சாப்பிடும் வரை இருந்தது. பிறகு ஆறாம் பக்கத்தைப் பார்த்தேன். ஓடைக்கு நீலக் கோடு. பலகைக்கு அதன் குறுக்கே இரண்டு சின்னக் கோடு, கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி. மழை வந்தால் இல்லாமல் போகிற வழி. அழகாக வரைந்திருக்கிறேன்.

மாலையில் அம்மா போன்.

“சாப்ட்டியா?”

“ம்.”

“என்னா கொழம்பு?”

“ரசம்.”

“அங்க மழையா?”

“மழைதான்.”

“இங்கயும்தான்.”

ஜீப்பைப் பற்றி அம்மாவும் பேசவில்லை. நானும்.

ஜூலை 18, வெள்ளி

ரெட் அலர்ட். பள்ளி, கல்லூரி விடுமுறை. குந்தா பக்கம் மரம் விழுந்து பஸ் இல்லையாம். பத்து மணிக்குக் கரண்ட் போனது.

என் வேலை: தாளை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதுவது.

1.30. லைன் மேஸ்திரிக்குச் சார் போன் செய்தார். இரண்டு மணிக்கு ஃபேக்டரி கேட்டில் மினி பஸ், எல்லாரும் வந்துவிட வேண்டும். மேஸ்திரி ஏதோ சொல்ல வந்தார். போன் கட்டானது. அதன் பிறகு கிடைக்கவில்லை.

2.20. மினி பஸ்ஸிலிருந்து யூசுப் அண்ணன், ஸ்பீக்கரில். “ஒருத்தரும் வரலைங்க சார். வாச்மேன் மட்டும் நிக்கிறாரு.”

“இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க.”

2.25. என் போன். ‘அம்மா’. மேஜை மேல் அதிர்ந்து நகர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.

“எடும்மா, ஊட்டுல இருந்து கூப்புட்றாங்களாட்ட இருக்குது.”

“அப்புறம் பேசிக்கறேனுங்க சார்.”

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள்.

2.50. அந்த வண்டி பள்ளத்துக் காலனிக்கும் போக வேண்டும். காலியாகக் கிளம்பிவிட்டது. ஏழாம் நம்பருக்கு நேரே 0 என்று எழுதினேன்.

‘கோவில் வளைவுல பாருங்கண்ணே.’ மூன்று சொல். அரை மணி நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். கல்லூரியில் மூன்று வருடமும் வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்தவள் நான். கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்று கூச்சம் இல்லை. அந்த மூன்று சொல்லைச் சொன்னால் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்கள். அதுதான்.

5.00. நானே கூப்பிட்டேன். “சும்மாதான் கூப்ட்டேன்” என்றாள் அம்மா. “செல்வி ஓடையில வழுக்கி விழுந்துருச்சு. மேஸ்திரி ஜீப் புடிச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு. நாங்க கோவில்லதான் இருக்கோம். நனையல.”

கோவில் என்பது நான்கு தூணும் ஒரு தகரமும். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அம்மா குரல் பாதிதான் கேட்டது. நனையலையாம்.

ஜூலை 19, சனி

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அறிக்கை. சார் சொல்லச் சொல்ல நான் டைப்.

“‘வாகனம் உரிய நேரத்தில் சென்று காத்திருந்தும் பொதுமக்கள் ஒத்துழைப்பு அளிக்கவில்லை’ போட்டுக்க. அப்புறம், ‘இனி இவ்விடத்துக்கு வாகனம் ஒதுக்கத் தேவையில்லை எனக் கருதப்படுகிறது.’”

“கருதப்படுகிறதுங்களா, பரிந்துரைக்கப்படுகிறதுங்களா சார்?”

நான் கேட்ட ஒரே கேள்வி இது.

“பரிந்துரைன்னே போட்டுரு.”

போட்டேன். ஒற்றுப் பிழை பார்த்தேன். ஓரம் சரி செய்தேன். 12.15க்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு மெயில் போனது. மெயிலை அனுப்பியதும் நான்தான்.

மதியம் சாப்பிடவில்லை. வர்க்கி ஒன்று, டீ.

ஜூலை 20, ஞாயிறு

லைனுக்குப் போனேன். வெயில் மாதிரி ஒன்று. எல்லா வாசலிலும் கம்பளி காய்கிறது.

செல்வி அக்கா எங்கள் பக்கத்து வீடு. வலது கையில் மாவுக்கட்டு. ஆறு வாரம் கொழுந்து பறிக்க முடியாது. என்னைப் பார்த்ததும் உற்சாகம்.

“வாடி ஆபீசரு! பஸ்ஸு வந்துருச்சுன்னு மேஸ்திரி கத்துனாரா, மகராசி மாதிரி மொத ஆளா எறங்குனேன். ஓடை கையப் புடிச்சு இழுத்துருச்சு. எம் புருசங்கூட இப்புடிப் புடிச்சதில்ல.”

சிரித்தேன்.

“ஆமா, எந்தக் கபோதிடி அந்தக் கேட்டுல பஸ்ஸ நிறுத்தச் சொன்னது? நீ அங்கதான இருக்க, பேரக் கேட்டுச் சொல்லு. மாவுக்கட்டோட ஒண்ணு வக்கிறேன்.”

“காப்பி ஆறுது செல்வி” என்றாள் அம்மா.

செல்வி அக்கா குடித்தாள். நானும் குடித்தேன்.

அவளை இழுத்து மேலே போட்டவர்கள் அம்மாவும் இன்னொரு பெண்ணும். மற்றவர்கள் அதற்கு மேல் இறங்கவில்லை. பின்பக்கமாக ஏறிக் கோவில் வளைவில் நின்றார்களாம், வண்டி எப்படியும் அந்த வழியாக வரும் என்று. இருட்டும் வரை. அம்மாவுக்குச் சளி, குரல் கம்மிவிட்டது.

அடுப்படியில் கேட்டாள். என்னைப் பார்க்காமல், வெங்காயத்தைப் பார்த்து.

“அது நீ எழுதுனதா?”

“ம்.”

அரிந்ததைச் சட்டியில் தள்ளினாள்.

“எம்மேலதான் தப்பு. அன்னிக்கு நா வந்து அந்த சார்கிட்ட சொல்லியிருக்கணும். முதுகக் காட்டிட்டு நின்னேன். வெள்ளிக்கெழமையும் ஒரு தடவையோட விட்டுட்டேன், நீ வேலையா இருப்பேன்னு.”

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ரேடியோவில் சொன்னார்கள், செவ்வாய்க்கிழமை மறுபடி கனமழை.

ஜூலை 21, திங்கள்

மூடுபனி. பஸ் இருபது நிமிடம் தாமதம், ரோட்டில் காட்டெருமை. குடை இன்னும் ரிப்பேர் கடையில்.

நாளைக்கு எச்சரிக்கை உறுதி. சார் வண்டிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் மேல் கோடு. “அந்த மினி பஸ்ஸையும் காலனிக்கே உட்டர்லாம். இவுங்கதான் வர்றதில்லையே.”

பக்கத்தில் போய் நின்றேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்த வாக்கியம்தான்.

“சார், அந்த லைனுக்கு வண்டி மாரியம்மன் கோவில் வளைவுல நிக்கணுங்க. மழைல கேட்டுக்கு வர முடியாதுங்க.”

“ஆரு சொன்னா?”

“ஒருத்தங்க… போன் பண்ணாங்க சார்.”

இதிலும் ஒரு பொய்.

“போன்ல சொல்றதெல்லாம் எழுத முடியாதும்மா. அங்க குடியிருக்கறவங்க கையெழுத்து வேணும். நாளைக்கு மழைய வச்சுக்கிட்டு இன்னிக்கு ஆரு போயி வாங்கறது?”

இடத்துக்கு வந்தேன். குடிநீர் வரி நோட்டீஸ் பதினைந்து டைப் செய்தேன். முகம் கழுவினேன். இன்னொரு தடவை கழுவினேன். கண்ணாடியில் அம்மா மூக்கு.

புதுப் படிவம் எடுத்து எழுதினேன். கேள்வி 9, இல்லை. விசாரிக்கப்பட்டவர் பெயர், சுதா. முகவரி, ஏழாம் நம்பர் லைன், வீடு 4. விசாரித்தவர் பெயர், சுதா. இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்து.

சார் படித்தார். மறுபடி படித்தார்.

“உன்ற ஊடா?”

“ஆமாங்க சார்.”

“அன்னிக்கு ஜீப்புல வந்தியேம்மா.”

“ஆமாங்க.”

“எம் பக்கத்துலதான நின்ன.”

“ஆமாங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேஸ்திரி காத்தால சொன்னாரு, ஒரு பொம்பள கை ஒடஞ்சு கெடக்குது” என்றார். அவ்வளவுதான். எழுந்து படிவத்தோடு இ.ஓ. அறைக்குப் போனார்.

கையெழுத்தாகி வந்தது. நாளை 2.15, கோவில் வளைவு. சனிக்கிழமை அறிக்கையைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். “அது போனது போனதுதான். திருத்தம் வேணா தனியா அனுப்பலாம்.” திருத்தம் அனுப்பினேன். ஆனாலும் ‘ஒத்துழைப்பு அளிக்கவில்லை’ அங்கே ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். பிழை இல்லாமல்.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. லைனில் கரண்ட் இல்லை, சார்ஜ் போயிருக்கும். மேஸ்திரியிடம் இடத்தை மட்டும் சொல்லி வைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

விடியற்காலையிலிருந்தே கொட்டுகிறது. வண்டியில் நானும் போகிறேன் என்று கேட்டேன். சண்முகம் சாரும் வந்தார். வழி நெடுக அவர் யூசுப் அண்ணனிடம்தான் பேசினார். வண்டி ஃபேக்டரி பக்கத்தைத் தாண்டும்போது கீழே பார்த்தேன். பலகை தெரியவில்லை. பழுப்புத் தண்ணீர்.

2.15. கோவில் வளைவு. எல்லாரும் தயாராகத் தகரத்தின் கீழே. பை, போர்வை, ஒரு கோழிக் கூடை. இருபத்து மூன்று பேர்.

சார் பேர் கேட்க, நான் எழுத. செல்வி அக்கா மாவுக்கட்டுக்குப் பாலிதீன் பை மாட்டி ஏறினாள். “பாருடி, அந்தக் கபோதிக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சு!” இவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அம்மா.

“பேரும்மா?”

“பழனியம்மாளுங்க, நாலாம் நம்பர் வீடு.”

“ஊட்டுல எத்தன பேரு?”

“ஒரு ஆளுதாங்க.”

சார் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

“பொண்ணு கிண்ணு இல்லீங்களா?”

“இருக்குதுங்க சார். வெளியூருல வேலைங்க.”

என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டடி தூரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“அம்மா” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “சாருக்குத் தெரியும்மா. சொல்லிட்டேன். இங்க முன்னாடி உக்காரு.”

அம்மா சாரைப் பார்த்தாள். பிறகு என்னை.

“பரவால்லீங்க மேடம். நா பின்னாடி உக்காந்துக்கறேன்.”

செல்வி அக்காதான் முதலில் சிரித்தாள். “பெத்த புள்ளைய மேடங்குறா பாரு!” பிறகு எல்லாரும். யூசுப் அண்ணன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். சாரும்.

அம்மாவுக்குக் கேலி பேச வராது. பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் 2 என்று எழுதினேன். பள்ளிக்கூடம் வரை பதினைந்து நிமிடம். திரும்பிப் பார்க்காமலே நின்றுகொண்டு வந்தேன்.