ஐந்தாம் தேதி காலையில் கூப்பிடு

மில்பர்க், ஓஹையோ
14 ஜூன் 1987

அன்புத் தம்பி லைமனுக்கு,

வெர்னா அக்கா எழுதுகிறேன். நானும் என் கால் வீக்கமும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் மகள் காரின் போனில் சொன்னாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டு, "காத்து வாங்குறேன்"னு சொல்கிறாயாமே! மகள் வீட்டுக்கென்று போனாயே, அந்த ஆரெகனில் காற்று படிக்கட்டில்தான் அடிக்கிறதா?

நீ அங்கே போனதிலிருந்து நம் சாப்பாட்டுக் கடையில் எனக்கு இரண்டு ஆள் வேலை. வீட்டுக்கு வந்தால் ஷூவைக் கழற்றவே பத்து நிமிஷம் யோசிக்கிறேன். உன் தக்காளிச் செடிகளுக்கும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அவையும் உன்னைப் போலத்தான், எவ்வளவு ஊற்றினாலும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

இருபத்தொன்பதாம் தேதி இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள், நீ மாட்டேன் என்கிறாய் என்று காரின் அழுதாள். இதை விட்டால் செப்டம்பர்தானாம். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொன்னாராம். நீ என்னவோ, "ஜூலை நாலு தாண்டட்டும், பாக்கலாம்"னு சொன்னாயாம்.

உன் கணக்கு எனக்குத் தெரியாதா? அதிபராக இருந்த ஆடம்ஸும் ஜெபர்சனும் ஒரே ஜூலை நாலில், சுதந்திர தினத்தன்றே செத்துப் போனார்கள். ஐந்து வருஷம் கழித்து அதே தேதியில் மூன்றாவதாக அதிபர் மன்றோ. நம் அப்பா போனதும் ஜூலை நாலு, டுவைட் அண்ணன் போனதும் ஜூலை நாலு. அண்ணன் போய் இது ஐந்தாம் வருஷம். ஆகவே மூன்றாவது ஆள் நீ, அப்படித்தானே? ஏன்டா, நீ எந்த நாட்டுக்கு அதிபராக இருந்தாய்? ஆயுசில் நீ ஜெயித்த ஒரே தேர்தல் மீன்பிடி சங்கத் தலைவர் தேர்தல். அதிலும் எதிர்த்து நின்றவன் வரவில்லை.

இருபது வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலில் ஜெயிக்கும் அதிபர் பதவியிலேயே செத்துப் போவார், எண்பதில் ஜெயித்த இப்போதைய அதிபரும் தப்பமாட்டார் என்று என்னிடம் ஆப்பிள் பை பந்தயம் கட்டினாயே. அவர் குண்டடி பட்டும் எழுந்து நடமாடுகிறார். நீ சுட்டுத் தரவேண்டிய ஆப்பிள் பை இன்னும் வரவில்லை.

வியாழக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் நம் டீமுக்கு வினாடி வினா. உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை, என் கைப்பையை வைத்தேன். "ஜூலை நாலாம் தேதி பிறந்த அதிபர் யாரு?" என்று கேட்டார்கள். யார் குண்டடி பட்டுப் போனார், யார் செர்ரியும் பாலும் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். நீ சொல்லிக் கொடுத்ததாயிற்றே! பிறந்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெருமையாக மன்றோ என்று எழுதிக் கொடுத்தோம். கூடமே சிரித்தது. எதிர் டீம் ரோஸ்கோ, "ஒங்க டீமுக்குப் பொறக்குறதே தெரியாதா? பொணம் மட்டும்தானா?"ன்னு கேட்டான். சரியான விடை கூலிட்ஜ்.

எல்லோருடனும் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக அந்தத் தேதியில் ஒருவர் பிறந்தார் என்று எங்களுக்கு நீ ஒருநாளும் சொல்லவில்லையே லைமன். உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

நீ சொன்ன கதை ஒன்று எனக்குப் பிடிக்கும். மூன்றாம் தேதி இரவு ஜெபர்சன் கண் விழித்து, "நாலாயிடுச்சா?"ன்னு கேட்டாராம். நீ ஆபரேஷன் பண்ணிக்கொள். நாலாம் தேதி நான் பட்டாசு பார்க்கப் போகப் போவதில்லை, போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு நீ பேச வேண்டாம். மறுநாள் காலையில் காரினிடம் போனைக் காதில் வைக்கச் சொல்லி, "அக்கா, அஞ்சாயிடுச்சா?"ன்னு மட்டும் கேள். ஆயிடுச்சுடா என்று சொல்ல எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

உன் நாற்காலியில் கைப்பையை வைத்திருக்கும்,
அக்கா வெர்னா