உச்சிக்கிளைக் காவல் பழம்

அன்பு மகள் சயாகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஹாருவும் பிரிஸ்பேனில் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். உன் மூன்று கடிதங்களும் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கின்றன. புத்தாண்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று மூன்றிலும் கேட்டிருக்கிறாய், நான் பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. ஜூனில் அம்மா போனபோது உன்னால் வர முடியாததற்கு யாரும் குறை சொல்லவில்லை, பத்து நாளில் பிரசவம் என்றிருந்தவளை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள். விஷயம் வேறு. வா என்று எழுத உட்கார்ந்தால் எனக்குள் ஒன்றுமே இல்லை, வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்றிருந்தது. பெற்ற மகளுக்கு அதை எப்படி எழுதுவது என்று எழுதாமலே விட்டுவிட்டேன். அழுதீர்களா அப்பா என்றும் கேட்டிருந்தாய். இல்லை. சடங்கிலும் இல்லை, அதன் பிறகும் இல்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அழாதவன் என்ன மனுஷன் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரிக்கு இன்னும் போகிறேன். இரண்டு கையுறை போட்டாலும் பத்து மணிக்குள் விரல் மரத்துவிடும், வெந்நீரில் வைத்தால் உயிர் வந்துவிடும். மற்றதற்கு எந்த வெந்நீர் என்று தெரியவில்லை. போன வாரம் கடல் பக்கம் முதல் இடி இடித்தது, புரி மீனை எழுப்புகிற இடி அல்லவா, படகுக்காரர்களுக்கு ஒரே குஷி, எங்களுக்கு இரட்டை வேலை. கூட ஐஸ் உடைக்கும் முரோய், பெருசு, மீனே எந்திரிச்சாச்சு, நீ எப்ப எந்திரிக்கப் போறே என்று கேலி செய்தான். நானும் சிரித்து வைத்தேன்.

புயல் வருகிறது என்றார்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலையை முடித்தேன். முள்ளங்கியைப் பிடுங்கினேன், பனி ஒடிக்காமலிருக்கப் பைன் கிளைகளுக்குக் கயிறு கட்டினேன், மரத்தில் தக்காளி போலப் பழுத்துத் தொங்கிய காகிப் பழம் முழுவதையும் மூங்கில் கவையால் பறித்துத் தோல் சீவிக் கூரையோரம் காயத் தொங்கவிட்டேன். சீவுவது அம்மா வேலை, என் கையில் பாதிச் சதை தோலோடு போயிற்று. அப்போது பக்கத்து வீட்டு ஹமாதா அம்மா வேலியோரம் வந்து, என்னங்க மரத்தை மொட்டையடிச்சிட்டீங்க, காவல் பழம் எங்க என்றாள். மரத்துக்கென்று ஒரு பழம் விடாவிட்டால் அடுத்த வருஷம் காய்க்காது என்பார்களே, அது. விட்டிருக்கேனே, வருஷா வருஷம் உச்சியில விடுறவன்தானே நான் என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தால், மேலே ஒன்றுமில்லை. காற்றில் விழுந்திருக்கும் என்றேன். காத்து இனிமேத்தானே வரப்போகுது என்றாள் அவள்.

மானம் போயிற்று. அவள் உள்ளே போனதும், காம்போடு நல்ல பழமாக ஒன்றை எடுத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறினேன், உச்சிக்கிளையில் கட்டிவிடலாம் என்று. அந்தக் கிளையில் ஏற்கெனவே நூல்கள் கட்டியிருந்தன. நரைத்த வெள்ளை, வெளுத்த நீலம், ஆறோ ஏழோ, எல்லாம் காகி காயப்போடும் நூல். எல்லாவற்றிலும் அம்மாவின் முடிச்சு, ஏப்ரனுக்குப் போடுகிற அதே பூ முடிச்சு. நான் போடுகிற அவிழாத முடிச்சை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு வரவேயில்லை, உனக்குத் தெரியுமே. ஒன்றில் காய்ந்த காம்பு இன்னும் இருந்தது. சயாகா, நான் ஒரு வருஷமும் பழம் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மொட்டையடிப்பேன், மறுநாள் நான் வேலைக்குப் போனதும் அவள் ஏறி ஒன்றைக் கட்டியிருக்கிறாள். நாற்காலியில் ஏறவே பயப்படுகிறவள். சாயங்காலம் நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, பாத்தியா, மறக்காம விட்டிருக்கேன் என்று பீற்றிக்கொள்வேன். ஆமாங்க, உங்களுக்கு மறக்குமா என்பாள்.

என் முடிச்சைப் போடாமல் அவள் முடிச்சையே போட்டுவிட்டு இறங்கினேன், ஏனென்று தெரியவில்லை. மூன்று நாள் புயல், ஆலங்கட்டி வேறு. கூரை ஓடு நாலு பறந்தது, அதைக்கூடப் பார்க்காமல் பழம் விழுந்துவிடுமோ என்று ஜன்னலிலேயே நின்றேன். இந்த ஆறு மாதத்தில் ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. விழவில்லை. இன்றைக்கும் தொங்குகிறது.

வா, சயாகா. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. காயப்போட்டதில் பாதி பூசணம் பிடித்துவிட்டது, மிச்சம் புத்தாண்டுக்குள் காய்ந்துவிடும். அங்கே வெயில் காலம் என்று மெல்லிய துணியாக எடுத்து வைக்காதே, ஹாருவுக்குக் கம்பளிக் காலுறை மறக்காதே. ஏணியை எடுக்கவில்லை, நீயும் ஏறிப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

அழுதீர்களா என்று கேட்டாயே. ஏணியிலிருந்து இறங்கும்போது ஹமாதா அம்மா பார்த்துவிட்டாள், குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று சொன்னேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா,
தத்சுவோ
நவம்பர் 29