ஏழாவது கேள்விக்கு விடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது.

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லா இருக்கணும்னுதான் இந்த நிமிஷமும் நினைக்கறேன், அதுல ஒரு மாத்தமும் இல்ல. நலத்தை உடம்போட நிறுத்திக்கறேன். மனசைப் பத்தி எழுதத்தான் இவ்வளவு காகிதம் வாங்கியிருக்கேன். நீ ஒம்பது தடவை போன் பண்ணியிருக்க, அது அடிக்கறதைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன், எடுக்கல. ஒரே ஒரு தடவை எடுத்ததுக்கு, பேர் எதுவும் போடலையேம்மான்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் எடுக்கத் தோணல. போன்ல பேசினா நீ நடுவுல நடுவுல புகுந்து அப்படி இல்லம்மா இப்படி இல்லம்மான்னு என் வாயை அடைச்சுடுவ. காகிதம்னா நான் முடிக்கற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகணும். தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு, இனிமே சனிக்கிழமையும் போகணுமாம், இப்பவே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான். குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுச்சு, நானே சரி பண்றேன்னு அப்பா கழட்டிப் போட்டாரு, ரெண்டு நாளா வாளியில மொண்டு குளிக்கறோம். என் முட்டி வலி இருந்த இடத்துலயே இருக்கு. வீட்டுச் சங்கதி அவ்வளவுதான், இனி உன் சங்கதி.

நீ செஞ்ச அந்த நடை விளையாட்டு, அதான் போனைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பழைய ஊரைச் சுத்தறது, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு புதிர் கேக்கும், விடையை அழுத்தினாத்தான் அடுத்த இடத்துக்கு வழி விடும், அது நம்ம ஊருக்கும் வருதுன்னு நீ சொன்னப்போ நான் எப்படிப் பூரிச்சுப் போனேன்னு உனக்கே தெரியும். உனக்கு உள்ள ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கேன்மா போய்ப் பாருன்னு வேற சொன்ன. நான் என்ன கண்டேன், நீ படிச்ச பள்ளிக்கூடத்தையோ அப்பா ஓட்டின பஸ் நின்ன இடத்தையோ ஒரு கேள்வியா வெச்சிருப்பன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் காலத்துலருந்து என்கூடக் கல்லு பதிச்ச நெட்டைப் பெரியம்மா என்னைவிடத் துள்ளினா. மருமககிட்டக் கொடுத்துப் போன்ல ஏத்திக்கிட்டு, போன செவ்வாய்க்கிழமை காலைல எட்டு மணிக்கே வந்து நின்னு, நம்ம பொண்ணு செஞ்சது, ஊரெல்லாம் நடந்து பாத்தாச்சு, நாம பாக்கலன்னா வெக்கக்கேடு, செருப்பை மாட்டுன்னா. உன் பொண்ணுன்னு சொல்லல, நம்ம பொண்ணுன்னுதான் சொன்னா.

பொய் சொல்லக் கூடாது, முதல் ஆறு கேள்வி வரைக்கும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நான் அவசரத்துல கண்ணாடியை மறந்துட்டேன், அதனால பெரியம்மாதான் எல்லாத்தையும் சத்தமாப் படிச்சா, செய்தி வாசிக்கறவங்க மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு. பழைய நூலகத்துக்கு எத்தனை படின்னு கேட்டிருந்தியே, நான் இருபத்து மூணுங்கறேன், அவ இருபத்து நாலுங்கறா, ரெண்டு பேரும் மூச்சு வாங்க ரெண்டு தடவை ஏறி இறங்கினோம். அவ சொன்னதுதான் சரி. நீதிமன்றத்துக் கடிகாரம் எந்த மணியில நின்னு போயிருக்குன்னு கேட்டதுக்கு, நாப்பது வருஷமா அது கீழ நடந்துருக்கோம், ஒரு நாள் நிமிர்ந்து பாத்தோமான்னு கேட்டுச் சிரிச்சா. உன்னை அப்படிப் புகழ்ந்தா. இவளுக்கு எங்கிருந்துடி இவ்வளவு மூளை, நிச்சயம் உன்கிட்ட இருந்து இல்லன்னா. நானும் சிரிச்சுக்கிட்டே பின்னாடி போனேன். ஏழாவது இடம் ரயில் நிலையத்துப் பெரிய கூடம்னு போன் காட்டினதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரல, சத்தியமா சொல்றேன். நாங்க பதிச்ச தரையாச்சே, அதான் எனக்கு வெச்ச ஆச்சரியம்னு பெருமையாக்கூட இருந்துச்சு.

கூடத்து நடுவுல நின்னு பெரியம்மா படிச்சா. இந்தத் தரையை இரண்டு தோழிகள் பதித்தார்கள், ஒருத்தி ஒரு கல்லைத் திருப்பி வைத்துவிட்டாள், பழி மற்றவள்மேல் விழுந்தது, வைத்தவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை, அந்தக் கல் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது. இதைப் படிச்சா. நல்லா நிறுத்தி, கடைசி எழுத்து வரைக்கும் படிச்சா. பேர் போடலன்னு சொல்றியே, அந்தத் தரையில மண்டி போட்டுக் கல்லு பதிச்ச பொம்பளைங்க இந்த ஊர்லயே ரெண்டு பேர்தாண்டி. ஒருத்தி படிச்சுக்கிட்டு நின்னா, இன்னொருத்தி கேட்டுக்கிட்டு நின்னேன். அவ எங்கயும் தேடல, நேரா நடந்து போய் அந்தக் கல்லு மேல காலை வெச்சா, பத்தொம்பதுன்னு அழுத்தினா. போன் கைதட்டுச்சு, கலர் கலரா என்னவோ பறந்துச்சு. டிக்கெட் பரிசோதகர் ஒருத்தர் பக்கத்துல வந்து, தினமும் பத்து பேராவது இதே இடத்துல குனிஞ்சு நிக்கறாங்க, வழியை விட்டு நில்லுங்கம்மான்னாரு. நாங்க வழியை விட்டோம்.

திரும்பிப் போயிடலாம்னு நான் சொன்னேன். அவ காதுலயே வாங்கல. எடுத்த காரியத்தைப் பாதியில விடற ஆளா அவ, மீதி நாலு கேள்வியையும் முடிச்சா. கேள்வியை மட்டும் படிப்பா, விடையை மட்டும் சொல்லுவா. கடைசியில வாழ்த்துகள், நகரத்தை வென்றுவிட்டீர்கள்னு வந்துச்சு, அதையும் படிச்சுட்டுப் போனைப் பையில போட்டா. பஸ்ல என் பக்கத்து இடம் காலியாத்தான் இருந்துச்சு, அவ போய் யாரோ ஒரு பையன் பக்கத்துல உக்காந்துக்கிட்டா.

உனக்குத் தெரிஞ்ச கதைதான் இது, நான்தானே சொன்னேன். எப்போ சொன்னேன்னு ஞாபகம் இருக்கா, முதல் வேலையில நீ என்னவோ தப்பா அனுப்பிட்டு, இனிமே அந்த ஆபீஸ் பக்கமே போக மாட்டேன்னு நாலு நாள் சுவத்தைப் பாத்துப் படுத்துக் கிடந்தியே, அப்போ. உன் தலைமாட்டுல உக்காந்து, பாருடி, உன் அம்மாவே இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்கா, தப்பு பண்ணினாலும் பொழச்சுக்கலாம், எந்திரின்னு சொன்னேன். நீ எந்திரிச்சு மூஞ்சி கழுவின. அப்பாகிட்டகூட சொல்லாததை உன்கிட்டச் சொன்னேன். அந்த மனுஷன் இப்போ என்கிட்டகூட சொல்லலையேன்னு பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ விழுந்து கிடந்தப்போ கைதூக்கி விடக் கொடுத்ததை, முன்பின் தெரியாதவனெல்லாம் செல்பி எடுக்கற புதிரா ஆக்கிட்டியே, உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போடட்டுமாம்மான்னு ஒரே வார்த்தை. படிக்கட்டை எண்ண ஆள் அனுப்பிச் சரி பாத்தேன்னு சொன்னியே, என்னைச் சரி பாக்கத் தோணலையா?

சரி, நீ எழுதினது பாதிக் கதை, மீதியையும் கேளு, இதை உன்கிட்டகூட நான் சொல்லல. நாலு கல்லு சேர்ந்தா ஒரு பூ வரும், ஒவ்வொரு கல்லுலயும் ஒரு இதழ், நாலும் நடுவைப் பாத்து இருக்கணும். நான் ஒரு சுவத்துலருந்து, அவ எதிர்ச் சுவத்துலருந்து, நடுவுல வந்து சேர்ந்தோம். சேர்ற வரிசையில என் பக்கத்துக் கடைசிக் கல்லைத்தான் நான் திருப்பி வெச்சேன். அவசரம் இல்ல, அசதி இல்ல, கை தப்பிடுச்சு, அவ்வளவுதான். மூணு நாள் கழிச்சுத் தரையைக் கழுவும்போது பாக்கறேன், மூணு இதழோட ஒரு பூ நிக்குது, சிமெண்ட் இறுகிப் போச்சு. பேசாம இருந்துட்டேன். எஞ்சினியர் கண்டுபிடிச்சு யார் வேலைன்னு கத்தினப்போ, மேஸ்திரி எங்க ரெண்டு பேரையும் பாத்தாரு. பெரியம்மா முந்திக்கிட்டு, அந்த இடம் நான்தான் முடிச்சேன், நான்தான் வெச்சிருப்பேன் ஐயான்னா. என்னைக் காப்பாத்தச் சொல்லலடி. நிஜமாவே தான்தான்னு நம்பிச் சொன்னா. நான் வாளியைப் பாத்துக்கிட்டு நின்னேன். அடுத்த கட்டடத்துல பூ வேலை எனக்கு, கலவை கலக்கறது அவளுக்குன்னு மேஸ்திரி பிரிச்சுட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவளைத் திரும்பக் கல்லு தொட விட்டாரு. அப்புறம் நாங்க சேர்ந்து வேலை பாத்த அத்தனை வருஷமும், தன் வரிசை முடிஞ்சதும் என்னைக் கூப்பிடுவா, நீ ஒரு தடவை பாத்துடு, என் கை சரியில்லன்னு. நானும் போய்க் குனிஞ்சு, நூல் பிடிச்சு, பாத்து, சரியா இருக்குன்னு சொல்லுவேன். சொல்லும்போது எனக்கு நாக்கு கூசும். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு.

நாலு நாள் பொறுத்துப் பாத்துட்டு அவ வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தா, உக்காரச் சொன்னா, தண்ணி கொடுத்தா, வந்தவங்களுக்குக் கொடுக்கற மாதிரி. நான் அழுதேன். அவ அழல. திட்டு வாங்கினது பெரிசில்ல, கலவை கலக்கினதும் பெரிசில்ல, என் கையை நான் நம்பாம ஆயிட்டேனேன்னா. நான் கூப்பிட்டப்போவெல்லாம் வந்து குனிஞ்சு பாத்தியே, அப்பக்கூடவா உனக்கு வாய் வரலன்னு கேட்டா. மன்னிச்சுடுன்னேன். மாட்டிக்கிட்டதுக்கு அப்புறம் கேக்கற, முன்னாடியே கேட்டிருந்தா அங்கயே ரெண்டு அறை விட்டுட்டுச் சிரிச்சிருப்பேன்னா. உன் பொண்ணாவது எழுதினா, நீ அதுகூடச் செய்யலன்னும் சொன்னா.

இதுதாண்டி நீ எனக்குப் பண்ணின துரோகம். நான் அவளுக்குப் பண்ணினதும் துரோகம்தான், இல்லன்னு வாதாட வரல. ஆனா அதை அவகிட்டச் சொல்ல வேண்டியவ நான். கோழையாவே இருந்தாலும் அது என் வாயிலருந்து வரணும். இனிமே நான் ஆயிரம் தடவை சொன்னாலும் அது மாட்டிக்கிட்டவ சொல்றது, மனசாட்சி உறுத்திச் சொன்னது ஆகாது. அதை நீ எடுத்துக்கிட்டுப் போயிட்ட, திருப்பித் தர உன்னாலயும் முடியாது. இப்போ உன்கிட்ட ஒரு கஷ்டத்தைச் சொல்லணும்னாக்கூட, இதை எங்க கொண்டுபோய்ப் போடுவாளோன்னு பயமா இருக்கு. பெத்த பொண்ணுகிட்டப் பயம், எனக்கே கேக்க அசிங்கமா இருக்கு.

அந்தக் கேள்வியை எடுத்துட்டேன்மான்னு நீ அனுப்பின செய்தியைத் தம்பி படிச்சுக் காட்டினான். யாரைக் கேட்டு எடுத்த? போடும்போதும் கேக்கல, எடுக்கும்போதும் கேக்கல. திரும்ப வை. நேத்து நான் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன், கண்ணாடியை மறக்காம எடுத்துக்கிட்டு, நூல் உருண்டையையும் எடுத்துக்கிட்டு. பெரியம்மா பதிச்ச பாதி முழுக்க மண்டி போட்டே பாத்தேன். காலைல ஆரம்பிச்சு மதியம் ரெண்டு மணி ஆச்சு. பெட்டி தூக்கறவங்க திட்டினாங்க, பரிசோதகர் இந்தம்மாவுக்கு இன்னுமா விடை கிடைக்கலன்னாரு. ஒவ்வொரு பூவாப் பாத்தேன், ஒண்ணுகூடத் தப்பில்ல. என் பாதியைவிட இணைப்பு சன்னமா இருக்கு, அவ கைதான் எப்பவும் என் கையைவிட சுத்தம், மேஸ்திரிக்கு அது தெரியாமலே போயிடுச்சு. அதனால விடையை அழுத்தினதும் வாழ்த்துகள்னு வரதுக்குப் பதிலா இதை எழுது: இந்தக் கல்லைத் திருப்பி வைத்தவர் என் அம்மா, எதிர்ப்பக்கம் முழுவதும் பதித்தவர் என் பெரியம்மா, அதில் ஒரு பிழையும் இல்லை. தோழி, தோழின்னு மூடி மூடி எழுதாத. என் அம்மான்னே போடு, நீயும் கொஞ்சம் கூசு.

கடிதம் வந்து சேர்ற அன்னிக்கே இதைச் செஞ்சுடு, மறந்துடாத. குளிர்ல காதை மூடிக்காமப் போகாத, போன தடவை மாதிரி காய்ச்சலை இழுத்துக்காத. நீ நல்லா இருக்கணும், நீ கையில எடுக்கற காரியமெல்லாம் விளங்கணும், என் ஆசி உனக்கு என்னைக்கும் உண்டு, கோவம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும். உனக்குப் போற கடிதத்துக்கு அடியில பெரியம்மா எப்பவும் ரெண்டு வரி எழுதுவாளே, உங்கம்மா எழுதினதுல பாதியை நம்பாதேன்னு. இதை உறையில போட்டு ஒட்டாம, முதல்ல அவகிட்டத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன், முழுக்கப் படிக்கட்டும். அவ எழுதற இடத்தை என் கையெழுத்துக்குக் கீழ விட்டு வெச்சிருக்கேன். அவ எழுதினாளா இல்லையான்னு இதைப் பிரிக்கும்போது நீயே பாத்துக்கோ.

இப்படிக்கு
உன் அம்மா