ஒட்டகம் ஏற்றிய பிக்கப்பும் நீர் கேட்ட குதிரைவலுவும்

டோகா

அன்புள்ள சுவர்ணாவுக்கு,

நான் சுகம். உமது முதுகுவலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

"கரையில படகு இழுக்கிற பிக்கப்புகளில எங்கடைதான் திணறுது. பவர் கூட்டுற பெட்டி ஒண்டு அனுப்புங்கோ" என்றீர். என்னோடு கராச்சில் வேலை செய்து, லீவில் ஊர் வரும் யதுசனிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் என்னைப் பேசவிடமாட்டீர் என்பதால் மிச்சத்தை எழுதுகிறேன். பயப்பட வேண்டாம்.

போன கிழமை ஓர் அரபுக்காரரின் டீசல் பிக்கப்புக்கு அப்படியொரு பெட்டி பூட்டி அறுபது குதிரைவலு கூட்டினேன். அவர் பின்னால் ஒட்டகத்தை ஏற்றிக்கொண்டு, முதல் கியரிலேயே முழுதாக மிதித்தார். எஞ்சின் தாங்கியது. கியர்பொக்ஸ் எங்கள் கராச் வாசலில் உடைந்தது.

"இனி ஒட்டகம்தான் அண்ணை பிக்கப்பை இழுக்கவேணும்" என்றான் யதுசன்.

உதிரிப்பாகம் வர மூன்று நாள். அதுவரை ஒட்டகத்தைப் பராமரிப்பது எனக்குத் தண்டனை. ஒட்டகத்தோடு தமிழில்தான் கதைத்தேன். யதுசனைவிடப் பொறுமையாகக் கேட்டது.

பெட்டியைப் பொருத்தும்போது மெக்கானிக் பிறேமிடம் கியர் ஒயிலையும் மாற்றச் சொல்லும். படகுக் கயிறு இறுகும்வரை பிக்கப்பை மெல்ல எடும்.

யதுசன் திரும்பும்போது மிளகாய்த்தூளும் நான் வீட்டில் உடுக்கும் நீலச் சாரமும் கொடுத்துவிடும். இங்கே புதிது வாங்கலாம். ஆனாலும் அந்தப் பழையதையே அனுப்பும்.

முதலாளி கூப்பிடுகிறார். இன்னொன்று: எங்கள் பிக்கப்பின் கியர்பொக்ஸ் தாங்காது என்பதால், பெட்டியை இருபது குதிரைவலுவுக்கு மேல் கூட்ட முடியாதபடி செய்துவிட்டேன். இதற்காக என்னை ஏசுவதென்றால் போன் எடுத்துப் பேசும். வெள்ளிக்கிழமை லீவு, விடியத் தொடங்கிப் பொழுதுபடும்வரை பேசலாம்.

அன்புடன்,
குகதாஸ்