முருங்கைக்கீரைக்குப் பயந்தவர்கள்

மச்சி,

அடுப்படியில் என் மனைவி முருங்கைக்கீரைக்குப் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறாள். வாசனை வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலுக்கு அது பழக்கம், கைக்குத்தான் புதுசு. இன்று பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இறங்கிவிட்டதடா! இன்சுலின் ஊசி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர்கள் நாம். நீ தி.நகரில் ஜவுளிக்கடை கல்லாவில், நான் அடுத்த தெருவில் செல்போன் ரிப்பேரில். மத்தியானம் டீக்கடை வாசலில் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொள்வோம். கீரை கிடையாது, தண்ணீர் ஒரு வாய்தான். இடுப்புக்குக் கீழே சொரணை இல்லாதவனுக்குக் கடை நடுவில் வயிறு இளகினால் மானம் போய்விடுமே! அதனால் பன், பிஸ்கெட், சர்க்கரை தூக்கலாக டீ. "வயித்துக்கு லீவு வுட்டா வெளியில நிம்மதி" என்பாய். நானும் தலையாட்டுவேன்.

உன் வீட்டில் வேறு கூத்து. நடக்க முடியாத பிள்ளை, வாய்க்காவது ருசியாகச் சாப்பிடட்டும் என்று உன் அம்மா போண்டாவும் கேசரியுமாகத் தட்டை நிரப்புவார். ஒல்லியாக இருப்பவனுக்கு ஏது சர்க்கரை நோய் என்று நாமும் தின்றோம். கால் தசை கரைந்த உடம்பில் தின்றது செலவாகாது, வெளியே ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பு சேரும் என்று டாக்டரம்மா நம் சர்க்கரை நோய்க்குக் காரணம் சொன்ன அன்று நான் இடிந்துபோனேன்.

நீதான் முதலில் துணிந்தாய். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரே நேரத்தில் கழிப்பறை நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பழக்கினாய். லீவு நாளில் வீட்டோடு இருந்து கீரையும் சுண்டலும் தின்று பார்த்தாய். கொஞ்ச நாளில் டீக்கடை வாசலிலேயே சுண்டல் டப்பாவைத் திறந்தாய். நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். நீ சிரித்தாய்.

"வயித்துக்கு நாமதான் டைம் சொல்லணும் மச்சி. அது நமக்குச் சொல்லக் கூடாது."

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இல்லை. இதயம் முன்பே கெட்டிருந்ததாம். எனக்கு வந்த கோபத்தில் திரும்பவும் பன்னுக்கே போனேன். கீரை தின்றவனே போய்விட்டான், இனி யாருக்காக என்று வீம்பு.

ஒரு நாள் உன் அம்மா கொட்டிவாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். தூக்குவாளியில் கீரைக் கூட்டு. "அவனுக்குப் போட வேண்டியத லேட்டா கத்துக்கினேன். நீயாவது துன்னுடா" என்றார். என் எதிரிலேயே உட்கார்ந்து, தட்டு காலியான பிறகுதான் எழுந்தார். அன்று விட்டதுதான் பன்; உன் காலை நேரக் கழிப்பறைப் பழக்கத்தையும் பிடித்துக்கொண்டேன்.

இன்று அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளிக்கு இன்னா கீரை வோணும்?" என்றார்.

அந்த அம்மா இன்னொரு பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது, மச்சி. நாளைக் காலையும் நேரத்துக்கு எழுந்துவிடுவேன்.